நாலாம் சாமத்தில் வந்தவர்



மீன்பிடிப்பவனுக்கு இரவுதான் பகல். இராயப்பருக்கும் அவருடைய தோழர்களுக்கும் அப்படியே இருந்தது. அக்காலத்து வலைகள் தடித்த நார் நூலால் பின்னப்பட்டவை. பகல் வெளிச்சத்தில் தெளிந்த நீரில் மீன்கள் அவற்றைக் கண்டு விலகிவிடும். ஆகவே இருட்டிய பின் படகேறி, விடியும் வேளையில் கரை சேர்வார்கள். கலிலேயாக் கடல் என்று நாம் சொன்னாலும் அது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர், அகலம் 13 கிலோமீற்றர். கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. மேட்டு நிலத்துக் குளிர்காற்று மலை இடுக்குகள் வழியே திடீரென்று இறங்கினால் ஏரி கொந்தளித்துவிடும். மலைக்காற்று எப்படி இறங்கும் என்பதை வட்டகொடை மக்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பம் பலுகிய நாளின் இரவில் அவர்கள் மீன்பிடிக்கப் போகவில்லை. அக்கரைக்குப் போகவே புறப்பட்டார்கள். ஆயினும் படகில் இருந்தவர்களுள் பலர் அந்த ஏரியின் ஒவ்வொரு மூலையையும் இருட்டில் அறிந்த மீனவர்கள். எதிர்க்காற்றில் துடுப்பு வலித்துச் சலித்துப்போன நாலாம் சாமத்தில், அதாவது விடியற்காலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட வேளையில், தண்ணீரின் மேல் ஏதோ ஒன்று தங்களை நோக்கி வருவதைக் கண்டார்கள். பேய் என்று நினைத்து அலறிவிட்டார்கள். புதியவர்கள் அலறினால் வியப்பில்லை. பழகிய தொழிலாளிகளே அலறினார்கள் என்று சுவிசேஷகர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஒருவர் வந்தார். ஆனால் வந்தவருக்குப் பெயர் வைத்தது கண்ணல்ல, பயம்.

வட்டகொடையில் கடல் ஏது, சுவாமி, என்று நீங்கள் கேட்கலாம். கடல் இல்லைதான். தலவாக்கலை ஸ்டேசனுக்கும் கிரேட்வெஸ்டர்ன் ஸ்டேசனுக்கும் நடுவே, தேயிலை மலைகளுக்கு இடையில் இருக்கிறது நம் ஊர். கீழே கொத்மலை ஓயா ஓடுகிறது; மேல் கொத்மலைத் திட்டம் 2012ஆம் ஆண்டில் நிறைவேறிய பின் தலவாக்கலையில் அந்த ஆறு அணைக்குள் தேங்கி நிற்கிறது. தூண்டிலோடு தண்ணீரோரம் போய் இருட்டியபின் திரும்பியவர்களும், கடைசி ரயிலில் இறங்கித் தண்டவாளத்தோடு லயத்துக்கு நடந்தவர்களும் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். டோர்ச் வெளிச்சத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இரண்டு கண்கள் பளிச்சென்று மின்னி மறைந்ததைப் பற்றி அவர்களைக் கேளுங்கள். அந்த ஒரு நொடியில் உடம்பு எப்படிச் சில்லிட்டது என்று சொல்வார்கள். நாலாம் சாமம் கலிலேயாவுக்கு மட்டும் உரியதல்ல.

சிறுத்தையில் கிறிஸ்துவைக் காணுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் லயத்து அப்பாயிமார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். இருட்டில் எதிர்பாராத ஒன்று நம் முன்னே வந்து நிற்கும்போது நம் கை எதைத் தேடுகிறது என்பதையே கேட்கிறேன்.

கடற்கரைக்குப் போய்ப் பார்ப்போம். தமிழ்நாட்டில் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு என்ற ஊர் இருக்கிறது. நம்மவர்களில் பலர் அங்கே திருச்சிலுவைக் கோவிலுக்குத் திருயாத்திரை போயிருப்பார்கள். புனித சவேரியார் 1542ஆம் ஆண்டில் வந்து தங்கிய குகை அங்கே கடலோரக் குன்றில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஆலந்தலை தொடங்கி மணப்பாடு வரையான அந்தக் கரையில், எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒரே நேரத்தில் வந்து ஒதுங்கின. பைலட் திமிங்கிலம் என்று அழைக்கப்படும் இனம். கறுத்த உடல், உருண்ட தலை. மீனவர்கள் தண்ணீரில் இறங்கி, கயிறு கட்டி, படகால் இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் பல மறுபடியும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கு மேல் மாண்டன. இதே கரையோரத்தில் 1973ஆம் ஆண்டு சனவரியிலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது.

காப்பாற்றி விட்டவை ஏன் திரும்பி வரவேண்டும்? இந்த இனம் குடும்பமாக வாழ்வது. தாயும் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் ஒரே கூட்டமாகப் போகும். ஒன்றின் குரலை மற்றொன்று கேட்டபடியே போகும். கூட்டத்தில் ஒன்று நோயுற்றோ வழிதவறியோ ஆழமற்ற நீரில் அகப்பட்டால் மற்றவை அதை விட்டுப் போக மாட்டா. ஒதுங்குவதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஆனால் மணலில் கிடக்கும் உறவின் குரல் கேட்கும் வரையில், ஆழத்தில் விடப்பட்டது திரும்பிப் பார்க்கும் என்பது மீனவர்களும் அறிந்ததே. குடும்பப் பாசத்தைப் பற்றி நான் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறேன். இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.

நமது நாட்டிலும் இது நடந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, மேல் மாகாணத்தில் கொரோனா ஊரடங்கு இருந்த நேரம். பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் பிற்பகலிலிருந்து வந்து ஒதுங்கத் தொடங்கின. கூட்டம் கூடாதே, அடுத்தவனைத் தொடாதே என்று நாடு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கடற்படையினரும் கரையோரக் காவல் படையினரும் அவ்வூர் மக்களும் இருட்டில், அலைக்குள் மார்பளவு நின்று, ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். மனிதனைவிடப் பல மடங்கு கனத்த உடல். தள்ளியது திரும்பி வந்தால் மறுபடியும் தள்ளினார்கள். இரவெல்லாம் அப்படியே கழிந்தது. விடிந்தபோது மிகப் பெரும்பாலானவை கடலுக்குப் போய்விட்டன. சிலவற்றை மட்டுமே காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கரையில் நின்றவர்கள் எந்தச் சமயத்தவர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இராயப்பர் அமிழ்ந்தபோது நீண்டு வந்த கையை நினைக்கும் போதெல்லாம் எனக்கு இப்போது பாணந்துறையும் நினைவுக்கு வருகிறது.

மற்றொரு காட்சியும் நம் மனதில் இருக்கிறது. மறைக்க விரும்பினாலும் மறைக்க முடியாது. 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்தியது. மக்கள் அதை அடித்துக் கொன்றார்கள். கொன்றதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பரப்பினார்கள். காயப்பட்ட வீட்டாரின் அச்சத்தையும் ஆத்திரத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பயம் அடங்கிய பின்னும் படம் பிடித்த அந்தக் கை, அது பயத்தின் கையா? எனக்கு விடை தெரிகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம். சொல்ல வந்தது இதைத்தான்.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத் தோட்டம் ஒன்றில், மரக்கறிப் பாத்திக்கு அருகே, சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. நம் நாட்டில் கருஞ்சிறுத்தை மிக மிக அரிது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் அதை மயக்கி எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. அந்தக் கம்பி சிறுத்தைக்காக வைக்கப்பட்டதல்ல, காட்டுப்பன்றிக்காக. ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. கழுத்திலோ இடுப்பிலோ இறுகிக்கொள்ளும். விலங்கு திமிறத் திமிற உள்ளே குடலும் ஈரலும் நசியும். அவிழ்த்துவிட்ட பின்னும் பல பிழைப்பதில்லை. நம் ஆட்கள் இந்தக் கண்ணியையும் வலை என்றே சொல்கிறார்கள். இராயப்பர் வீசியதும் வலை, இதுவும் வலை! அவர் தம் வலையைக் காலையில் கரைக்கு இழுத்து அதில் இருப்பதைப் பார்த்தார். இந்த வலையை வைத்தவர் பல நேரம் பார்க்கப் போவதுகூட இல்லை.

சட்டம் 1937ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சிறுத்தையைக் கொல்வது குற்றம். அதை நீதவான் சொல்லட்டும். நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

கம்பி கட்டியவரை எனக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, மாலையில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் கோவாவும் போட்டவர். கடன் வாங்கி விதைக்கிழங்கு வாங்கினார். ஒரே இரவில் பன்றி வந்து கிளறிப்போட்டது. அவர் வீட்டு நாயையும் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் இருட்டில் வெளியே போக அஞ்சுகிறார்கள். கொழுந்து பறிக்கும்போது செடிக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை பாய்ந்து காயப்பட்ட பெண்களும் நம் தோட்டங்களில் உண்டு. இவருக்கு நியாயம் இல்லையா? இருக்கிறது. இவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு நான் மேசைக்குப் போய்ச் சாப்பிட முடியாது.

ஆனால் அவருக்கு எதிரே நிற்பது யார் என்று பாருங்கள். இந்த மலைகள் ஒருகாலத்தில் முழுக் காடு. கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்த பின் தேயிலைக்காகவும் வெட்டினார்கள். உத்தரவு தொரைமாருடையது, கத்தி பிடித்த கை நம் பாட்டன் பூட்டனுடையது. காட்டில் மிஞ்சியது மலை உச்சிகளிலும் ஓடையோரங்களிலும் துண்டு துண்டாக நிற்கிறது. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போகச் சிறுத்தைக்குத் தேயிலைக்குள் வராமல் வழியில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் ஆராய்ச்சியாளர்கள் வைத்த கமராக்களில் அப்படி வருகிறவை பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் இரவில் வருகின்றன. நாம் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து வருகின்றன. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் ஒதுங்கி வாழ்வது எப்படியென்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

இன்னொன்றும் உண்டு. சிறுத்தையின் இரைகளில் காட்டுப்பன்றியும் ஒன்று. பன்றிக்கு வைத்த கண்ணி, பன்றியைப் பிடிப்பதையே கொன்றுவிடுகிறது. கிழங்குப் பாத்திக்கு இது நல்ல காவல் அல்ல.

மாற்கு தம் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே ஒரு செய்தியைச் சொல்கிறார். மற்ற சுவிசேஷகர்கள் அதைச் சொல்லவில்லை. ஆண்டவர் நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தபோது காட்டு விலங்குகளோடு இருந்தார் என்கிறார். யூதேயாவின் அந்தப் பாலைநிலத்தில் அக்காலத்தில் சிறுத்தைகள் இருந்தன. அவற்றை அவர் அடக்கினார் என்றோ விரட்டினார் என்றோ மாற்கு எழுதவில்லை. கூட இருந்தார், அவ்வளவுதான். நாற்பது இரவுகள், அவற்றில் நாற்பது நாலாம் சாமங்கள்.

கூட இருப்பது என்றால் பக்கத்தில் போய்த் தடவிக்கொடுப்பது அல்ல. இருட்டில் தனியே நடக்காதிருத்தல், டோர்ச் இல்லாமல் போகாதிருத்தல், நாலு பேர் பேசிக்கொண்டே நடத்தல். கண்டால் ஓடாமல் நின்று மெல்லப் பின்வாங்கி அதற்கு வழி விடுதல். நாயை இரவில் உள்ளே கட்டுதல். லயத்தோரம் குப்பையைக் குவிக்காதிருத்தல். ஊருக்குள் வந்துவிட்டால் கல்லோடும் கமராவோடும் சூழாமல், பொலிசுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்லி அனுப்புதல். பன்றியால் வந்த நட்டத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே கம்பியால் தீர்க்கப் பார்க்காமல், தோட்டத்தார் ஒன்றுகூடி வேலிக்காக நிர்வாகத்திடம் கேட்டல். பங்குச் சபை இதைப் பேசலாம். வருடந்தோறும் திருவிழாச் சோடனை பற்றியே பேச வேண்டும் என்று கட்டளை ஒன்றும் இல்லை.

இப்பத்திரிகை ஞாயிறு திருப்பலி முடிந்து உங்கள் கைக்கு வரும். வீட்டுக்குப் போகும் வழியில், எந்த மரத்தடியில், எந்தப் பாத்தியோரத்தில் கம்பி கட்டியிருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். கட்டியவர் உங்கள் அண்ணனாகவோ மாமாவாகவோ இருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.