படர்க்கையில் பதுங்கி நிற்பவர் யார்?

“ஒரே ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தானாம்” என்றுதான் பாட்டி கதையைத் தொடங்கினார். நாம் வாய் பிளந்து கேட்டோம். அந்தப்புரத்தில் அரசி அழுததும், அதே வேளையில் அமைச்சன் நெஞ்சில் நஞ்சு ஊறியதும், காட்டில் கள்வர் கூடியதும் ஒருவருக்கே எப்படித் தெரிந்தன? கேட்கத் தோன்றவில்லை. சொல்பவரை மறந்தோம், சொன்னதை நம்பினோம்.

படர்க்கையில் கதை சொல்லும் முறைக்கு உள்ள வலிமை இது, வஞ்சகமும் இதுதான். ‘நான் கண்டேன்’ என்று ஒருவர் கூறினால், “நீர் யார்? எங்கு நின்று கண்டீர்? உமக்கு இதில் என்ன ஆதாயம்?” என்று குறுக்கு விசாரணை செய்கிறோம். ‘அவன் செய்தான்’ என்று ஏடு கூறினாலோ வினா எழுவதில்லை. முகம் மறைந்த காரணத்தாலேயே குரலுக்கு மதிப்பு வந்துவிடுகிறது. எங்கும் இருப்பவர், எல்லாம் அறிந்தவர், எவர் கண்ணுக்கும் புலப்படாதவர் — இந்த வருணனையை வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம் அன்றோ! அங்கே “காட்டுங்கள், காண்போம்” என்று துணிந்து கேட்ட பகுத்தறிவு, கதை ஏட்டின் முன் மட்டும் கைகட்டி நிற்பானேன்?

கேட்போம். படர்க்கை, ஆளில்லாத குரல் அன்று. அங்கே ஓர் இருக்கை உண்டு. அதில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அந்த இருக்கை மாடத்தில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே கதையின் நீதி அமைகிறது.

இந்த இருக்கையின் பொருட்டு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1856இல் பாரிசு நகர இதழொன்றில் பிளாபேர் எழுதிய ‘மதாம் பொவாரி’ தொடராக வந்தது. சிற்றூர் மருத்துவர் ஒருவரின் மனைவி, கணவனை மறந்து பிற ஆடவரை நாடிய கதை. பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் பழித்ததாகக் குற்றஞ்சாட்டி, 1857 சனவரியில் ஆசிரியரை வழக்குமன்றத்தில் நிறுத்தினர். கற்பு தவறிய பெண்ணின் கதை பிரெஞ்சு நாட்டுக்குப் புதிதன்று. அந்தப் பெண்ணும் கதையில் நஞ்சுண்டு மடிகிறாள். பின் ஏன் சினம்? அரசு வழக்கறிஞர் பினார் எடுத்துவைத்த வாதம் கூர்மையானது: அவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒருவர்கூட அந்நூலில் இல்லையே என்றார் அவர்.

உண்மைதான். கண்டித்திருக்க வேண்டியவர் கதை சொல்பவர். அவரோ நீதிபதியின் நாற்காலியைக் காலி செய்துவிட்டு, அவள் நெஞ்சருகே போய் நின்றுகொண்டார். அந்த உத்தியை நம் மண்ணின் காட்சியால் விளக்குவோம். “உழவன் களத்திலிருந்து திரும்பினான். மடியில் அரைப்படி நெல். நாள் முழுவதும் முதுகொடிய உழைத்ததற்கு இதுதானா கூலி?” கடைசி வரியைச் சொன்னவர் யார்? உழவனா, ஆசிரியரா? இருவரும்! படர்க்கை படர்க்கையாகவே இருக்க, இரு குரல்களும் ஒன்றாகிவிட்டன. படிப்பவனும் அந்த உழவனாகிறான். 1857 பிப்ரவரி 7ஆம் நாள் மன்றம், நூலைக் கடிந்துரைத்தபோதிலும், பிளாபேரை விடுதலை செய்தது. ஆட்சிக்கு அச்சமூட்டியது கதையன்று. கதை சொல்பவர் இருக்கையைவிட்டு இறங்கி வந்ததே!

இறங்கி வருவோரைப் பார்த்தோம். ஏறி அமர்வோரையும் பார்ப்போம்.

1958இல் நைசீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி, ஆங்கிலத்தில் ‘சிதைவுகள்’ எனத்தக்க பெயரில் ஒரு புதினம் எழுதினார். அதுவும் படர்க்கையே. ஒகோன்க்வோ என்ற மற்போர் வீரன், இபோ மக்களின் ஊரொன்றில் வாழ்ந்தான், உழைத்தான், உயர்ந்தான். மனைவியரை அடித்தான், தன்னைத் தந்தையென அழைத்த சிறுவனைக் கொல்வதிலும் பங்குகொண்டான். ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் நிற்பது வேறு, பூசி மெழுகுவது வேறு! வெள்ளையராட்சி வந்தது. அதன் ஏவலன் ஒருவனை வெட்டிச் சாய்த்து, ஒகோன்க்வோ தூக்கிட்டு மாண்டான். பிணத்தைக் காண மாவட்ட ஆணையர் வந்தார். அந்தப் பகுதியின் பழங்குடிகளை அடக்கி அமைதிப்படுத்தியது பற்றி அவர் ஒரு நூல் எழுதத் திட்டமிட்டிருந்தார். இம்மனிதனைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதலாமே என்று முதலில் எண்ணினார். பிறகு, ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்தார்.

இருபத்தைந்து அதிகாரங்களில் நாம் உடனிருந்து கண்ட வாழ்வு, ஒரே பத்தி! ஆச்சிபியும் படர்க்கையில் எழுதினார். ஆணையரும் படர்க்கையில்தான் எழுதப்போகிறார். இலக்கணம் ஒன்று, இருக்கை வேறு. ஒருவர் ஊர்ப் பொதுவிடத்தில் அமர்ந்து எழுதினார். மற்றவர் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்து எழுதினார்.

இங்கே சற்று நில்லுங்கள், தோழர்களே! நாம் எழுதியதைத் திருப்பிப் படியுங்கள். ஒகோன்க்வோ ‘வாழ்ந்தான்’, ‘மாண்டான்’ என்றோம். ஆணையர் ‘வந்தார்’, ‘எண்ணினார்’ என்றோம். ஆச்சிபியின் ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சுட்டுச்சொல்தான். நாமோ, ஆணையரின் செருக்கைச் சாடிக்கொண்டே அவருக்கு ‘ஆர்’ விகுதி சூட்டினோம். மடிந்தவனுக்கு ‘ஆன்’ விகுதி அளித்தோம். உழவனும் ‘திரும்பினான்’, அரசு வழக்கறிஞர் மட்டும் ‘என்றார்’! எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. பழக்கம் எழுதிற்று, பகுத்தறிவு உறங்கிற்று.

தமிழில் கதை சொல்பவர்க்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ‘பண்ணையார் வந்தார், பண்ணையாள் வந்தான்’ என்று எழுதிய அக்கணமே அவருடைய இருக்கை வெளிப்பட்டுவிடுகிறது. பண்ணையாளுக்கு அகவை அறுபது. பண்ணையார் மகனுக்கு ஆறு. எனினும் கிழவர் ‘வந்தான்’, சிறுவன் ‘வந்தார்’. ஒரு வினைச்சொல்லின் வாலிலே ஒரு சமுதாயமே தொங்குகிறது!

இதற்குத் தமிழ்மொழியைக் குறை கூறுவாருளர். அது தவறு. ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுவது வழக்கில் வந்ததே அன்றி இலக்கண நெறியன்று என்பதே தொல்காப்பியரின் கருத்து. உயர்வு தாழ்வை அந்தச் சொல்லில் ஏற்றியது சமுதாயம். சமுதாயம் ஏற்றியதைச் சமுதாயமே இறக்கலாம்.

அப்படியானால் எல்லாரையும் ‘அவர்’ ஆக்கிவிட்டால் போதுமா? போதாது. அன்பினால் வரும் ‘அவன்’ உண்டு. தோழமையால் வரும் ‘அவன்’ உண்டு. நம் கைக்கு ஓர் உரைகல் போதும்: பண்ணையாரை ‘அவன்’ என்று எழுதக் கூசும் கை, பண்ணையாளை ‘அவன்’ என்று எழுதும்போது கூசாதது ஏன்? இந்த வினாவுக்கு விடை சொல்லிவிட்டு எழுதட்டும்.

இன்னொரு வாதமும் உண்டு. “பிறர் கதையை நாம் சொல்வானேன்? பட்டவரே சொல்லட்டும்” என்பர். நேர்மையான வாதம். அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளசு, இத்தனை சொல்வன்மை உடையவர் அடிமையாக இருந்திருப்பாரா என்று ஐயுற்றோர்க்கு விடையாக, 1845இல் ஊரும் பேரும் சுட்டித் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அந்த ‘நான்’ அமெரிக்க மனச்சான்றைக் குலுக்கிற்று. பட்டவர் பேச வந்தால் வழிவிடுவதே நம் முதற்கடமை. ஆனால் எழுத்தறியாத தாய்? பேச்சறியாத பிள்ளை? மண்ணுக்குள் போனவர்? அவர்களுக்கு ‘நான்’ என்று சொல்ல வாயில்லை. ஒவ்வொருவரும் தம் கதையை மட்டுமே சொல்வதென்றால், அவர்கள் கதை ஆணையரின் ஒரு பத்தியாகவே முடியும்.

ஆகவே படர்க்கையைத் துறக்கச் சொல்லவில்லை. அதன் பெயருக்கேற்ப நடக்கச் சொல்கிறோம். படர்தல் என்றால் செல்லுதல், பரவுதல். கொடி மண்ணில் வேரூன்றிப் பக்கத்துக் கொம்பை நாடிச் செல்வதுபோல, தன்னைவிட்டுப் பிறரை நோக்கிச் செல்வதே படர்க்கை. உயரத்தில் உட்கார்ந்து கீழே பார்ப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இனிக் கதையேடு கையில் வந்தால் கேளுங்கள்: இதைச் சொல்பவர் எங்கு நிற்கிறார்? யார் நெஞ்சுக்குள் நுழைகிறார், யார் வாசலோடு நின்றுவிடுகிறார்? யாருக்கு அதிகாரம், யாருக்குப் பத்தி? யார் வந்தார், யார் வந்தான்? பிறர் ஏட்டை மட்டுமன்று, நம் ஏட்டையும் கேளுங்கள். சற்றுமுன் நாமே அகப்பட்டோம் அல்லவா!

ஒகோன்க்வோ மாண்டார். உழவர் களத்திலிருந்து திரும்பினார். திருத்திவிட்டோம். இனி எழுதுவோர் முதலிலேயே எழுதட்டும்!