பழைய விளையாட்டும் நனவிடை தோய்தலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவை அடைவோர் சாட்டியின் வெண்மணற் கரையைக் காணாது திரும்புவதில்லை. சிந்தாத்திரை மாதா திருத்தலத்தாலும் ஆழங்குறைந்த கடலாலும் பெயர்பெற்ற இக்கரையில், ஆடி, ஆவணி மாதங்களில் புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் கூடுவதுண்டு. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த நடுவயதுத் தந்தை ஒருவர், மணலிற் காலாற் கோடிழுத்துக் கிளித்தட்டு மறிக்கும் முறையைத் தம் பிள்ளைகளுக்கு விளக்குவார். பிள்ளைகள் சிறிது நேரம் ஓடுவர். பின்னர் நிழல் தேடி அமர்ந்து கைப்பேசியைத் திறப்பர். அன்றிரவு உறவினர் வீட்டில் அதே தந்தை, தாம் பதினான்கு வயதில் விளையாடிய மாரியோ விளையாட்டை மகனின் கருவியிற் கண்டு, மகனிலும் பார்க்க ஆவலோடு அதில் ஆழ்ந்துவிடுவார். மகனுக்கோ இரண்டும் ஒன்றே. இரண்டும் அப்பாவின் பழைய விளையாட்டுகள்.

இக்காட்சி ஒரு வினாவை எழுப்புகின்றது. பழைய வீடியோ விளையாட்டொன்றை இன்று சுவைப்பவர் சுவைப்பது அவ்விளையாட்டையா, அல்லது அதனோடு ஒட்டிக்கிடக்கும் தம் இளமையையா? இளமையைத்தான் எனில், அவ்வின்பம் உண்மையானதா, அன்றித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஒருவகை மயக்கமா? அற்பமான பொழுதுபோக்கொன்றைப் பற்றிய வினாவாக இது முதலிலே தோன்றலாம். எனினும், மண்ணைப் பிரிந்து வாழும் ஒரு சமூகத்தில், பழையதை நேசிப்பதன் நியாயம் யாது என்னும் பெரிய வினாவின் சிறிய வடிவமே இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இறந்த காலத்தின்பாற் செல்லும் ஏக்கம் முதலில் ஒரு நோயாகவே கருதப்பட்டது. 1688 ஆம் ஆண்டில் யொஹானெஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர் பேசல் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டில், வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் நோவைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து 'நொஸ்ரால்ஜியா' என்னும் பெயரை ஆக்கினார். அந்நிய மண்ணிற் கூலிப்படையினராகப் பணியாற்றிய சுவிஸ் வீரரின் நோயாக அது பின்னர் பெரிதும் பேசப்பட்டது. ஈழத்துத் தமிழில் இதனை 'நனவிடை தோய்தல்' என்பர், எஸ்.பொ. தமது யாழ்ப்பாணத்து இளமை நினைவுகளைக் கூறும் நூலுக்கு இட்ட பெயரும் அதுவே. ஐரோப்பியச் சொல்லில் நோவு இருக்கின்றது. தமிழ்த் தொடரில் நீராடுதல் இருக்கின்றது. நோவும் நீராடலும் ஒரே அனுபவத்தின் இரு முகங்களாதல் கூடுமென்பதை இவ்விரு சொற்களும் சேர்ந்து உணர்த்துகின்றன.

பழைய விளையாட்டின் இன்பம் முழுவதும் நினைவின் கொடையே என்று வாதிடுவோருக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. நின்ரெண்டோ நிறுவனம் 1980களில் விற்ற தன் விளையாட்டுக் கருவியைச் சிறிதாக்கி, முப்பது பழைய விளையாட்டுகளை அதனுள்ளே அடக்கி, 2016 இல் மீண்டும் சந்தைக்கு விட்டது. அதன் தோற்றமும் பெயரும் பழைய கருவியை நினைவூட்டுமாறே அமைக்கப்பட்டிருந்தன. அக்கருவியோடு வளர்ந்து இப்போது கையிற் பணமுள்ளவர்களாகிவிட்ட தலைமுறையினர் அதனை விரும்பி வாங்கினர். நினைவு இங்கே விற்பனைப் பண்டமாயிற்று. ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், 1798 இல் வெளியான தமது மானிடவியல் நூலில், வீட்டு ஏக்கத்தால் வருந்திய சுவிஸ் மக்கள் ஊர் திரும்பியதும் ஏமாற்றமடைந்து, அதனாலேயே குணமும் அடைகின்றனர் என்கிறார். ஊர் மாறிவிட்டதென்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் தேடியது மீளப்பெற முடியாத தம் இளமையையே என்பது அவர் கருத்து. இதன்படி நோக்கின், சாட்டி மணலிற் கோடிழுத்தவர் தேடியது கிளித்தட்டையன்று. இரவில் அவர் தேடியது மாரியோவையுமன்று.

ஆயினும் இவ்வாதம் முழுமையானதன்று. நினைவே இன்பத்தின் ஒரே காரணமாயின், நினைவு இல்லாதவருக்கு அவ்விளையாட்டிலே இன்பம் இருத்தலாகாது. ரெற்றிஸ் என்னும் விளையாட்டு இதற்கு மாறான சான்றைத் தருகின்றது. 1984 இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்னொவ் இதனை ஆக்கினார். மேலிருந்து விழும் கட்டைத் துண்டங்களை இடைவெளியின்றி அடுக்குவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை, கதையில்லை, நாயகனில்லை. 1989 இல் வெளியான அதன் நின்ரெண்டோ வடிவத்தை, அதுவரை மனிதர் எவரும் எட்டாத இறுதிவரை ஆடி, கருவியே உறைந்து நிற்கும்படி செய்தவன் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துச் சிறுவன் ஒருவன். அவன் அதனைச் செய்தது 2023 டிசம்பரில். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று. விளையாட்டு வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே பிறந்த அவனுக்கு அதைப்பற்றி ஏங்குவதற்கு இளமை நினைவு ஏது? அவனை ஈர்த்தது விளையாட்டின் அமைப்பே. கிளித்தட்டுக்கும் இது பொருந்தும். கோட்டைத் தாண்டும் கணத்தில், மறிப்பவனின் கை முதுகிற் படுமோ என்ற அச்சமும், தப்பிய பின் எழும் ஆரவாரமும் முதன்முறை ஆடுபவனுக்கும் உரியவை.

எனவே, இரண்டு இன்பங்களை வேறுபடுத்திக் காணுதல் அவசியமாகின்றது. இதற்கு இந்தியத் தருக்க மரபு துணைசெய்கின்றது. முன்னைய அனுபவம் மனத்தில் விட்டுச்சென்ற வாசனையால் மாத்திரம் தோன்றும் அறிவு 'ஸ்மிருதி', அதாவது நினைவு, என்று தருக்க சங்கிரகம் வரையறுக்கும். இதனின் வேறானது 'பிரத்தியபிஞ்ஞை' எனப்படும் மீளறிவு. 'அந்தத் தேவதத்தனே இவன்' என்று ஒருவனைக் கண்டு தெளிதல் இதற்குக் காட்டப்படும் உதாரணமாகும். இதில் பழைய வாசனையும் உண்டு. கண்முன் நிற்கும் பொருளோடு புலன் கொள்ளும் தொடர்பும் உண்டு. பழைய விளையாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருத்தல் நினைவு. அதனை மீண்டும் ஆடுதல் மீளறிவு. பின்னையதிற் பொருள் எதிரே நிற்கின்றது. நினைவை அது மறுக்கவும் கூடும், திருத்தவும் கூடும்.

இம்மறுப்பு எவ்வாறு நிகழ்கின்றதென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு. பழைய விளையாட்டைப் புதிய தட்டைத் திரையில் ஆடுவோர், 'அக்காலத்தில் இது இவ்வளவு கரடுமுரடாக இருக்கவில்லையே' என்று வியப்பர். நினைவு பொய்யாக அழகூட்டிவிட்டதென்று உடனே முடிவுசெய்தல் தவறாகும். அக்காலத் தொலைக்காட்சிகள் கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைகளைக் கொண்டவை. அவற்றில் அயலயலே உள்ள ஒளிப்புள்ளிகள் சற்றே கசிந்து ஒன்றோடொன்று கலந்தன. ஓவியம் தீட்டியோர் அதனை அறிந்தே தீட்டினர். புதிய திரை ஒவ்வொரு புள்ளியையும் சதுரமாக வெட்டிக் காட்டுகின்றது. ஆகவே படம் உண்மையிலேயே மாறிவிட்டது. நினைவு உண்மையையே கூறியது. மறுபுறம், அக்காலத்தில் நிகரற்றதாகத் தோன்றிய வேறு விளையாட்டொன்று இன்று ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போவதும் உண்டு. அங்கே நினைவு பொய்த்தது. நனவிடை தோய்தல் எப்போதும் மயக்கம் என்பதும், எப்போதும் உண்மை என்பதும் ஒருங்கே பிழையான எடுகோள்கள் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வினா தீவகத்தைப் பொறுத்தமட்டில் மேலும் ஒரு சிக்கலை உடையது. உலகின் பிற பகுதிகளிற் சிறுவர் நின்ரெண்டோவோடு வளர்ந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. 1990 இன் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபோது மின்வழங்கல் நின்றது. பொருளாதாரத் தடையினால் பற்றரிகளும் வந்து சேரவில்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளையடுத்து வேலணை உள்ளிட்ட தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் பின்னர் கடல் கடந்தனர். அவ்வாறு சென்ற சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். மொழி தெரியாத நாட்டில், தொடர்மாடிக் குடியிருப்பின் சிற்றறையில், முதற் குளிர்காலத்தில் எவரோ கொடுத்த பழைய கருவியில் அவன் மாரியோவை ஆடினான். அதனை ஆட ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. தவறினால் எவரும் சிரிக்கவில்லை, மீண்டும் தொடங்கலாம். இழப்பின் நடுவே கிடைத்த அடைக்கலமாக அது அமைந்தது.

அவன் நடுவயதில் அவ்விளையாட்டைத் திரும்ப ஆடும்போது அவனை நனைப்பது மகிழ்ச்சியான இளமையன்று. துயரமான ஒரு காலத்தில் அதனைத் தாங்கிக்கொள்ள உதவிய ஒன்றன்மீது கொண்ட நன்றியே. புலம்பெயர் மண்ணிலிருந்து சாட்டியை எண்ணி ஏங்கியவன், சாட்டிக்கு வந்த இரவில் அம்மண்ணின் முதற் குளிர்காலத்தை எண்ணுகின்றான். அவனுக்கு வீடு என்பது ஓரிடமாக இல்லை என்பதை அந்த ஏக்கமே அவனுக்கு அறிவிக்கின்றது. கான்றின் கூற்று இவனிடத்துப் பாதியளவே பொருந்தும். சுவிஸ் வீரனின் ஊர் மாறாதிருக்க அவன் மட்டும் மாறினான். தீவகத்தானுக்கோ இளமையோடு ஊரும் பறிபோயிற்று. அவனது ஏக்கம் வெறும் முதுமையின் முறையீடன்று. அதில் ஒரு நியாயமான இழப்பின் கணக்கும் அடங்கியிருக்கின்றது.

இழப்பு நியாயமானது என்பதால் ஏக்கம் கூறுவதெல்லாம் நியாயமாகிவிடாது. 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக விளையாடினோம்' என்னும் கூற்றில் 'எல்லாரும்' என்பவர் யாவர் என்று கேட்டல் வேண்டும். பூப்பெய்தியதும் முற்றத்துக் கிளித்தட்டிலிருந்து விலக்கப்பட்ட பெண்பிள்ளைகள் அதில் அடங்குவரா? சாதியின் காரணமாகக் கோயில் வீதியிலும் கிணற்றடியிலும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் சிறுவர் அடங்குவரா? ஊரைவிட்டுப் போகாது, போரின் நடுவே வளர்ந்து, எந்தக் கருவியையும் தொடாதவர் அடங்குவரா? இன்பமாக நினைக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் தமது இன்பத்தை ஊரின் வரலாறாக எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. நனவிடை தோய்தலின் அறவழுவு சுவைப்பதிலன்று. சுவைக்காதவரை மறந்துவிடுவதிலேயே இருக்கின்றது.

சங்க இலக்கியத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. புறநானூற்றின் 243 ஆம் பாடலில் முதியவன் ஒருவன் தன் சிறுபருவத்து நீர்விளையாட்டை எண்ணுகின்றான். நீர்த்துறை மருதமரத்தின் கிளையேறி மடுவிற் பாய்ந்ததையும், ஆழத்தின் அடியைத் தொட்டமைக்குச் சான்றாக மணல் அள்ளி வந்ததையும் அவன் நுணுக்கமாகக் கூறுகின்றான். கூறியவன் தன் ஊன்றுகோலையும் இருமலையும் மறைக்கவில்லை. இன்றைய இளைஞர் அவ்வாறு பாய்வதில்லை என்று குறைகூறவுமில்லை. பாடியவரின் இயற்பெயர் தெரியாமற்போக, அந்தக் கோலின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என அவர் அறியப்படுகின்றார். நினைப்பவன் தன் நிகழ்காலத்தை மறவாது நிற்குமிடத்து ஏக்கம் நேர்மையுடையதாகின்றது.

பிள்ளைகளிடம் பழைய விளையாட்டைக் கையளிப்போர் கருதவேண்டியதும் இதுவே. கிளித்தட்டையோ மாரியோவையோ பிள்ளைக்குக் கொடுக்கலாம். அவற்றைப் பற்றிய ஏக்கத்தைக் கொடுத்தல் இயலாது. தந்தை ஆடியபோது அடைந்த உணர்வை மகனும் அடைதல் வேண்டுமென வற்புறுத்தினால், விளையாட்டு கடமையாகிவிடும். விளையாட்டை மட்டும் கொடுத்து ஒதுங்கி நின்றால், ஒக்லஹோமாச் சிறுவனைப்போல அவனும் அதனுள் தனக்குரிய ஒன்றைக் கண்டடையக்கூடும். காணாவிடினும் அது எவர் குற்றமுமன்று.

ஆகவே, பழைய விளையாட்டைச் சுவைக்கும் முறையை நனவிடை தோய்தல் உருவாக்குகின்றதா எனின், உருவாக்குகின்றது. ஆனால் அது ஒன்றே உருவாக்குவதில்லை. விளையாட்டின் இன்பத்தோடு மீண்டும் கண்டறிதலின் இன்பத்தை அது சேர்க்கின்றது. தீவகத்தின் சுண்ணக்கல் நிலத்தடியில், மழையால் வந்த நன்னீர் கனமான உவர்நீரின்மீது மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவாக அள்ளுவோருக்கு அது குடிநீர். மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர் மேலெழும். பின்னர் அக்கிணறு எவருக்கும் பயன்படாது. தீவார் இதனைத் தருக்க நூல் கற்று அறிந்தவரல்லர்; கிணற்றை அயலாரோடு பகிர்ந்து அள்ளிய பழக்கத்தால் அறிந்தவர். நினைவுக்கும் அந்த அளவும் அந்தப் பகிர்வுமே வேண்டப்படுவன.