குதிரையின் வாய்



"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைச் சொல்லி நம் பிள்ளைகளைத் திட்டுகிறோம். ஞானோபதேச வகுப்பிலே நானும் இந்தப் பழமொழியைப் பலமுறை சொன்னதுண்டு. சென்ற வைகாசியில்தான் ஒரு குதிரையின் வாயை உள்ளே பார்த்தேன்.

சாமியார் வீட்டுக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய காலி நிலத்திலே இரண்டு குதிரைகள் கட்டியிருப்பதை நீங்கள் பூசைக்கு வரும்போது பார்த்திருப்பீர்கள். அயலார் ஒருவர், ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலே வாங்கி வந்தவை. வெள்ளைக் குதிரை கலியாண ஊர்வலங்களுக்குப் போகிறது. காலையில் செபமாலை சொல்லி நடக்கும்போது அவற்றைப் பார்ப்பேன். முன்னங்கால் இரண்டுக்கும் தளை. குளம்பு வளர்ந்து பிளந்திருந்தது. நம் நகத்தைப்போல அதுவும் ஓயாமல் வளர்வது, வெட்டிவிடாவிட்டால் நடையே கெட்டுப்போகும். வாளி பெரும்பாலும் காய்ந்து கிடந்தது. கோடையில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் தண்ணீர்கூடப் போதாமற்போகும். அதன் இரைப்பையோ உடம்புக்குச் சிறியது. நாள் முழுவதும் கொஞ்சங் கொஞ்சமாய் மேயவேண்டிய பிராணி. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் மாட்டைப்போல அசைபோடவும் தெரியாது, நாயைப்போல வாந்தியெடுக்கவும் முடியாது. வயிற்றுவலி கண்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு மாதம் இதையெல்லாம் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மணியைத் தொடங்கினேன். நம் பாஷையில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டாவது என்னுடையது.

வைகாசியில் நம் பங்கிலேயே ஒரு மெய்விவாகம். கோயிலை விட்டு வெளியே வரும்போது உச்சிவேளை. படம் எடுத்து முடியும்வரை குதிரை வெயிலில் நின்றது; நிழல் பத்தடி தூரத்தில் இருந்தது. பிறகு மேளம், வெடி. குதிரை தலையைத் தூக்கி உதறிற்று. வாயோரத்து நுரை சிவப்பாயிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன்: கடிவாளத்தில் முள் வைத்திருந்தது.

அன்று மாலை அயலாரிடம் கோபமாய்த்தான் போனேன். அவர் பொறுமையாய்ச் சொன்னார்: "முள்ளு இல்லாட்டி கூட்டத்துல நிக்காதுங்க சாமி. வெடிக்கு மிரண்டு புள்ளைங்க மேல ஏறிட்டா யாருங்க பதில் சொல்றது? உங்க சனந்தானுங்க பத்தாயிரம் வாலா கொளுத்துனது."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. முள்ளை வைத்தது அவர் கை. வைக்கச் சொன்னது நம் வெடி.

வேதாகமத்தில் பாலாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள். வழியிலே உருவிய வாளோடு சம்மனசு நின்றதைக் கழுதை கண்டது, தீர்க்கதரிசி காணவில்லை. மூன்று தரம் அடித்தான். சர்வேசுரன் அந்த மிருகத்தின் வாயைத் திறந்தார். அது கேட்ட கேள்விக்கு அவனிடம் நியாயமான பதில் இல்லை. பின்பு சம்மனசானவரும் முதலிலே கேட்டது, ஏன் மூன்று தரம் அடித்தாய் என்பதைத்தான். ஓய்வுநாள் கற்பனையிலும் எருதும் கழுதையும் இளைப்பாறவேண்டுமென்று எழுதியிருக்கிறது. "மிருகத்துக்கு அழியாத ஆத்துமம் இல்லையே சாமி" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இல்லைதான். அடிக்கிறவனுக்கு இருக்கிறதே! 1992-ம் ஆண்டில் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூலும், மிருகங்களை வீணாய் வதைப்பது மனித மாண்புக்கே விரோதம் என்கிறது.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 1965-ல் செய்த விதிகளின்படி, வண்டியிழுக்கிற, பொதி சுமக்கிற மிருகங்களுக்கு முள் வைத்த கடிவாளம் கூடாது. ஒரேயடியாய் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. வேலூர்க் கோடையில் 37 டிகிரி எத்தனை நாள் தாண்டுகிறதென்று நான் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் குதிரையே வேண்டாமென்று சிலர் சொன்னார்கள். அது சுலபம். ஆனால் ஒரு முகூர்த்தத்து வாடகை அவருக்கு ஒரு வாரத்துத் தீவனம். வாடகை நின்றால் முதலில் பட்டினி கிடப்பது குதிரைதான். சந்தியாகப்பர் சுரூபத்தில் குதிரைக்கும் சேர்த்து மாலை போடுகிற நாம், உயிருள்ளதைக் கைவிடலாமா? அயலாரோடு பேசி முடித்தது இது: வெடியும் ஒலிபெருக்கியும் இல்லையென்றால் முள்ளில்லாத கடிவாளம் போட்டுக் கொண்டுவருவார், ஊர்வலம் காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். லாடக்காரர் வந்து குளம்பைச் சீவிப் போயிருக்கிறார். கூலியில் பாதி என்னுடையது. கிணற்றடித் தொட்டியை நிரப்பும் வேலையைப் பீடச்சிறுவர்கள் ஏற்றிருக்கிறார்கள் (இதுவரை இரண்டு நாள் மறந்தார்கள்).

ஜனவரி 17-ந் தேதி வனத்து அந்தோணியார் திருநாளில் மாடு கன்றுகளை மந்திரிக்கும்போது இந்த இரண்டையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஆவணிக் கலியாணத்துக்குக் குதிரை பேசியிருக்கும் வீட்டார், வெடிக்கு முன்பணம் கொடுக்குமுன் ஞாயிறு பூசைக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள்.

உங்கள் பங்குச் சுவாமியார்