பற்றும் பணியும்

எப்படியும் மட்கப்போகிற ஒரு பொருளைப் பேணுவது பற்றா, பணியா? ஈப்போவில் எங்கள் பலகை வீட்டு வராந்தாவில் குனிந்து வேலை செய்யும் போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. வராந்தாவின் தரையும் பலகைதான். பாதிக்குக் கூரை உண்டு. மீதியில் வெயிலும் மழையும் நேராக விழும்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பிப்ரவரி வாக்கில் எங்கள் கிந்தா பக்கம் மழை சற்றுக் குறையும். அப்போதே பாசியைத் தேய்த்துக் கழுவி, பலகை இடுக்குகளில் அடைந்த சருகைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடுவேன். சருகு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்தபின் சில துளி நீரைத் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால், முன்பு மரத்துக்குப் பூசிய எண்ணெய் இன்னும் காக்கிறது. உறிஞ்சிக்கொண்டால் மறுபடி பூச வேண்டும். அறுத்த முனைகளுக்குக் கூடுதலாகப் பூசுவேன். தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். ஏப்ரலிலும் மறுபடி அக்டோபரிலும் மழை கனப்பதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் மரம் ஒருநாள் மட்கத்தான் செய்யும். எண்ணெய் அந்த நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

இப்படி மீண்டும் மீண்டும் செய்யும் வேலையில் அப்பர் சுவாமிகள் நினைவுக்கு வருவார். கையில் புல் செதுக்கும் உழவாரத்தோடு கோயில் கோயிலாக நடந்தவர் அவர். இன்று செதுக்கிய புல் அடுத்த மழைக்கு முளைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? அழிவற்ற இறைவனுக்கு உழவாரம் தேவையில்லை. புல் மண்டும் முற்றத்துக்குத்தான் தேவை. கற்கோயிலுக்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வகுத்திருக்கிறோம். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதி அமைத்து, பல கோயில்களில் மூலவரை அத்திமரப் பலகையில் எழுந்தருளச் செய்கிறார்கள். பலகையில் குடியிருக்க இறைவனே இசைகிறான் என்றால், அழியும் பொருள் அவனுக்கு இழிவில்லை.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அது தெரிந்தும் வாசல் பலகையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவுவார். பால் கறை கறுத்துப்போன இடத்தில் மட்டும் கை சற்று நேரம் நிற்கும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயமும் இல்லை. அவர் பட்ட பாடு வீணா? அந்தப் பலகையில் உட்கார்ந்து நாங்கள் படித்தோம். காய்ச்சல் வந்தால் அதில்தான் படுத்தோம். அவர் செய்த வேலை அன்றன்றைக்கே பலன் தந்துவிட்டது.

இது என்னுடையது, இப்படியே இருக்கட்டும் என்பது பற்று. இன்று இதற்கு என்ன வேண்டும் என்று கேட்பது பணி. ஆணி ஓரத்தில் பலகை மெத்தென்று அமுங்கினால் அதைப் பெயர்த்தெடுத்து வேறு போட்டாக வேண்டும். அங்கே கை தயங்கினால் பணி பற்றாகிவிட்டது என்று புரிந்துகொள்வேன்.

நிலையாமையை இவ்வளவு சொன்ன நம் பெரியவர்கள், அதைக் காட்டிச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. அழியாத பொருளுக்கு யார் கவனிப்பும் வேண்டாம். அழிகிறவற்றுக்குத்தான் ஆள் வேண்டும். அன்பு செலுத்த நம் கைக்கு எட்டியவை எல்லாம் அவைதாம்.