கல்லில் எழுதினாலும் திருத்தலாம்

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும் என்பது விதி. அது வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடாமல், ‘நம் நடைமுறையில் எது பழுது?’ என்று கேட்கும் கூட்டமானால்தான் தன்னாட்சி. மென்பொருள் துறையின் ‘அஜைல்’ குழுக்கள் 2001 முதல் சொல்லிவருவதும் இதுவே: வேலை செய்பவர்களே முறையை வகுத்து, குறித்த இடைவெளியில் திருத்திக்கொள்ள வேண்டும். அடிக்கடி மாற்றினால் ஒழுங்கு குலையாதா என்பார்கள். ஆனால் சோழர் கால உத்திரமேரூர் ஊர்ச்சபை 919-இல் உறுப்பினர்களின் குடவோலைத் தேர்வுக்கு விதி வகுத்துக் கல்லில் பொறித்தது. இரண்டே ஆண்டில், 921-இல், வயது வரம்பை 30–60 என்பதிலிருந்து 35–70 என மாற்றியது. தனியொருவர் விருப்பத்துக்கு மாற்றுவதுதான் குழப்பம். சபை கூடி, எல்லோரும் அறிய எழுதிவைத்து மாற்றுவது ஒழுங்கின் வளர்ச்சி. கல்வெட்டையே திருத்தியவர்களின் வழிவந்த நாம், தாளில் எழுதிய விதியைத் திருத்த ஏன் தயங்க வேண்டும்?