எழுதாத துண்டு

ஆசிரியர் நியமனம் கிடைப்பதற்கு முன் மூன்று வருடங்கள் நான் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். கடையின் பெயரோ ஊரின் பெயரோ இங்கு தேவையில்லை. கிழக்குக் கரையில் எந்த ஊரின் கடைத்தெருவிலும் அப்படியொரு கடை இருந்தது. கண்ணாடி அலுமாரிகள், ஒரு மேசைவிசிறி, சுவரில் சட்டமிட்டு மாட்டிய ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்குரிய மருந்தாளரை நாங்கள் மாதமுடிவில்தான் காண்போம். மற்ற நாட்களில் நானும் என்னைவிட மூத்த ஒரு காக்காவும்தான். அவரைப் பார்த்தே தொழில் பழகினேன். காய்ச்சலுக்கு இது, வயிற்றோட்டத்துக்கு இது, நோவுக்கு இது என்று இரண்டு மாதங்களில் கை தானாகவே அலுமாரிக்குப் போகத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அடுத்த தெரு மாமி ஒருவர் வந்தார்.

“மகன், முழங்கால் நோவு தாங்க ஏலாம இரிக்கி. சுஜூதுக்குப் போனா எழும்ப ஏலா. நல்ல குளிசையாப் பாத்துத் தா.”

டைக்ளோபினாக் குளிசை பத்தை ஒரு கடதாசி உறையில் போட்டு, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் எனக்காக துஆக் கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றினுள் இரத்தக் கசிவு. அவருக்கு இதய வால்வில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததும், இரத்தம் உறையாமலிருப்பதற்காக அவர் நாள்தோறும் வார்பரின் குடித்துவந்ததும் அதன் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வார்பரின் குடிப்பவருக்கு டைக்ளோபினாக் கொடுப்பது ஆபத்து என்பதை மருந்தாளர் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். நான் அதைப் படித்தவனல்ல. அவருடைய கிளினிக் கொப்பி அன்று மாலையும் அவரது கைப்பையில்தான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

வேறென்ன மருந்து குடித்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, ஏதோ நோவுக் குளிசை என்றிருக்கிறார். பெயர் தெரியவில்லை. உறையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். இதையெல்லாம் கடைக்கு வந்த அவருடைய மகன் சொல்லித்தான் அறிந்தேன். யார் கொடுத்தது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில மாதங்களின் பின் மாமியே வந்தார். “டொக்டர்மார் நோவுக் குளிசை குடிக்க வேணாம்டு சொல்லிட்டாங்க மகன். நீ தந்தது நல்ல குளிசைதானே, அதில தா” என்றார். டொக்டர்கள் தடுத்தது வேறெதையோ என்றுதான் அவர் விளங்கியிருந்தார். கையிருப்பில் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

இதைச் சட்டத்தை மீறிய ஒருவனின் கதையென்று சொல்லி முடித்துவிடலாம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் இந்த விடயத்தில் தெளிவானவை. மருந்துக்கடையில் பதிவுபெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும். துண்டின்றிக் கொடுக்கக் கூடாத மருந்துகளைத் துண்டின்றிக் கொடுக்கக் கூடாது. நான் மருந்தாளருமல்லன், மாமியிடம் துண்டும் இருக்கவில்லை. ஆனால் இப்படி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று வருடங்களில் துண்டோடு வந்தவர்களைவிடத் துண்டில்லாமல் வந்தவர்களே அதிகம். அவர்களெல்லாம் சட்டத்தை ஏமாற்ற வந்தவர்களல்லர். தனியார் டொக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒருநாள் கூலியை இழப்பவர்கள், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிவந்தவர்கள். எல்லோரையும் திருப்பியனுப்பியிருந்தால் சட்டம் காப்பாற்றப்பட்டிருக்கும். அவர்களை யார் பார்த்திருப்பார்கள்?

இன்னொரு கேள்வியும் உண்டு. நமது நாட்டில் தனியார் டிஸ்பென்சரிகளில் நோயைப் பார்க்கும் டொக்டரே மருந்தையும் கொடுக்கிறார். குளிசைகளை உறையில் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் காசு வாங்குகிறார். அது சட்டப்படி சரி. எழுதும் கையும் விற்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் நியாயமென்றால், அது டொக்டருக்கும் பொருந்த வேண்டாமா? டொக்டர் விற்கலாம், மருந்தாளர் எழுதக் கூடாது என்றால் இது நோயாளியைக் காக்கும் விதியா, ஒரு தொழிலின் அந்தஸ்தைக் காக்கும் விதியா என்று காக்கா கேட்பார். அப்போது என்னிடம் பதிலில்லை.

பிற்காலத்தில் வாசித்தபோது இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்று விளங்கியது. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் மன்னன், வைத்தியர் மருந்துக்கடை வைத்திருக்கவோ மருந்து வணிகரோடு பங்குசேரவோ கூடாதென்று சட்டமியற்றினான். எழுதுபவருக்கே விற்பனையில் இலாபமென்றால் நோயாளிக்குத் தேவையானதைவிட அதிகமாக எழுதுவார் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் இன்றும் தீரவில்லை. தென்கொரியாவில் 2000ஆம் ஆண்டு டொக்டர் எழுதவும் மருந்தாளர் கொடுக்கவும் என்று வேலையைப் பிரித்தபோது, டொக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

நமது மரபிலும் இதற்கு இடமிருந்தது. ஹிஸ்பா நூல்களில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளுக்குள் மருந்து விற்பவர்களைச் சோதிப்பதும் அடங்கும். 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, அபினில் வேறு செடிகளின் சாற்றையும் பிசினையும் கலந்து விற்பவர்களைப் பற்றியெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் என்னை நிறுத்தியது, கிரேக்கரின் பழைய வழக்கமென்று அவர் எடுத்துச் சொல்லும் ஒரு முறைதான். வைத்தியர் நோயாளியைப் பார்த்து, என்ன கேட்டார், என்ன கொடுத்தார் என்பதை எழுதி, அதன் பிரதியொன்றை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அந்தப் பிரதிகளைத் தலைமை வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். சிகிச்சை சரியென்றால், ஆயுள் முடிந்தது என்று அவர் சொல்வார். தவறென்றால், அந்த வைத்தியரிடம் இரத்தப்பரிகாரம் பெற்றுக்கொள்ளும்படி சொல்வார்.

துண்டு என்பதை நான் அதுவரை ஓர் அனுமதிச் சீட்டாகவே நினைத்திருந்தேன். டொக்டரின் கையெழுத்து இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த முறையைப் படித்த பிறகுதான் அது ஒரு சாட்சி என்று புரிந்தது. எழுதியவர் ஒருவர், கொடுத்தவர் வேறொருவர் என்னும்போது ஒருவரது தவறை மற்றவர் காண வாய்ப்புண்டு. இருவரும் காணத் தவறினாலும் காகிதம் இருக்கிறது. மாமியின் விடயத்தில் இரண்டாவது கண்ணும் இல்லை, காகிதமும் இல்லை. நான் மட்டுமே இருந்தேன்.

இப்படிப் பார்க்கும்போது காக்காவின் கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கிறது. மருந்தாளர் எழுதவே கூடாது என்பது மாறாத விதியல்ல. பிரித்தானியாவில் மேலதிகப் பயிற்சி பெற்ற மருந்தாளர்கள் 2006 முதல் தாமே மருந்தெழுதுகிறார்கள். 2012 முதல், சில விதிவிலக்குகளோடு, மோர்பின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளையும் எழுதலாம். ஆனால் எழுதியவரே எடுத்தும் கொடுப்பது வழமையாக இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத வேளையில் தகுதியான இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். செய்தது பதிவாக வேண்டும் என்பது அவர்களை ஒழுங்குபடுத்தும் சபையின் வழிகாட்டல். அங்கே அறிவும் பயிற்சியும் உள்ளவருக்கு அதிகாரம் கிடைத்தது; சாட்சியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நமது டிஸ்பென்சரியில் டொக்டர் பெயரெழுதாத உறையில் போட்டுத் தரும் மூன்று நிறக் குளிசைகளும், நான் மாமிக்குக் கொடுத்த உறையும் இந்த ஒரு விடயத்தில் ஒன்றுதான். அவருக்குப் படிப்பு இருக்கிறது, எனக்கு இருக்கவில்லை. அது பெரிய வித்தியாசம். ஆனால் நோயாளி அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு உறைகளும் ஊமைதான்.

விருப்பப்பட்டுக் கேட்டவருக்கு விருப்பப்பட்டுக் கொடுக்கிறோம், இதில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மருந்து இருவரோடு முடிவதில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே இந்த எச்சரிக்கையைச் செய்தார்: கடையில் எவரும் பெனிசிலின் வாங்கக்கூடிய காலம் வந்தால், தேவையான அளவைவிடக் குறைவாகக் குடிப்பவரால் கிருமி பழகிப்போகும், அந்தப் பழகிய கிருமி வேறொருவருக்குப் போகும். காசில்லாத ஒருவருக்கு நான்கு அமொக்சிசிலின் வெட்டிக்கொடுத்து, இரக்கம் செய்தோமென்று எத்தனை நாள் நிம்மதியாகக் கடை பூட்டியிருக்கிறேன்!

வைத்தியம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் ஒரு ஹதீஸ் வருகிறது. இதை மதரஸாவில் படித்த காலத்திலேயே கேட்டிருந்தேன். ஆனால் பொறுப்பு என்பது பிறர் கண்டுபிடித்தால் வருவது என்றே என் மனம் எண்ணியிருக்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு தடயமும் நான் விடவில்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆவது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்ந்துவிடாதீர்கள் என்று அது போகிறது. கைக்குக் கை உடனே முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே உண்டு. நான் தப்ஸீர் சொல்ல வரவில்லை. அதற்குரிய இல்மும் எனக்கில்லை. ஒரு பழைய கடைக்காரனாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மருந்து விற்பதை நாம் கைக்குக் கை முடியும் வியாபாரமென்றே எண்ணிக்கொள்கிறோம். காசு வந்தது, குளிசை போனது, கணக்கு முடிந்தது. உண்மையில் அது கடனைப் போன்றது. மேசையில் முடிவதில்லை. மாமியின் கணக்கு ஐந்தாம் நாள்தான் திறந்தது. அவ்வேளையில் கடன்காரனைக் காட்ட ஒரு எழுத்துக்கூட இருக்கவில்லை. நூறு ரூபாய்க் கடனைக் கடைக் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்ட நாங்கள், ஓர் உயிருக்குள் அனுப்பியதை எழுதவில்லை.

எழுதியிருந்தால் மாமிக்கு நடந்தது நடக்காமல் இருந்திருக்குமா? எழுதுவதென்றால் கேட்க வேண்டும். பெயர் என்ன, வேறென்ன மருந்து குடிக்கிறீர்கள், கிளினிக் கொப்பி இருக்கிறதா என்று கேட்காமல் எழுத முடியாது. கேட்டிருந்தால் அவர் கொப்பியை எடுத்திருப்பார். வார்பரினையும் டைக்ளோபினாக்கையும் சேர்க்கக் கூடாதென்று எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு மருந்தின் பெயர் கண்ணுக்கு முன் இருந்திருக்கும். நாளைக்கு வாருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவாவது தோன்றியிருக்கும். அப்படியும் தவறியிருந்தால், ஆஸ்பத்திரியில் உறையைப் பார்த்து என்ன நடந்ததென்று உடனே அறிந்திருப்பார்கள்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, துண்டோடு போனவர்களும் இது இல்லை, அது தரவா என்ற கேள்வியோடுதான் திரும்பினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் மருந்தாளரின் தீர்மானத்தை ஒழித்துவிட முடியாது. ஆகவே மருந்துக்கடைகள் துண்டில்லாதவர் எல்லோரையும் திருப்பியனுப்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. சான்றிதழ் சுவரில் தொங்கினால் அதற்குரியவர் அதன் கீழே நிற்கட்டும். டொக்டரோ மருந்தாளரோ, கொடுப்பவர் யாராயினும் உறையில் மருந்தின் பெயரை எழுதட்டும். நிர்ப்பந்தத்தில் கொடுத்ததற்கு ஒரு கொப்பி இருக்கட்டும். நிர்ப்பந்தம் ஒரு காரியத்தை அனுமதிக்கலாம். அதை மறைக்கவும் அனுமதிக்கிறதென்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று காக்கா சொல்வார். அவர் சொன்னது உண்மை. நாங்கள் எழுதாததற்கு ஏழைகள்மீதான இரக்கம் காரணமல்ல, இந்தப் பயம்தான் காரணம். இரக்கமென்று பின்னர் பெயர் வைத்துக்கொண்டோம்.

மாமி சில வருடங்களின் பின் வேறொரு நோயில் மௌத்தானார். ஜனாஸாவுக்குப் போனேன். கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் தன்னிடம் வந்து சொல்லும்படி அவருடைய மகன் பள்ளிவாசலில் எழுந்து நின்று அறிவித்தார். மாமியிடமிருந்து வரவேண்டியதைப் பற்றித்தான் அவர் கேட்டார். நான் கொடுக்க வேண்டியிருந்ததைப் பற்றி எவரும் கேட்கவில்லை. இரண்டாம் ஸஃப்பில் நின்றிருந்தேன்; பேசாமல் இருந்தேன். பொருத்தம் கேட்பதற்கு அவர் உயிரோடிருந்த காலம் முழுவதும் எனக்கு இருந்தது. இப்போது எழுதுகிறேன். இதை வாசித்தால் அந்த மகனுக்கு விளங்கும்.