கருவறையும் கருவூலமும்

மனிதன் எப்போது மனிதனாகின்றான்? கரு தரித்த கணத்திலா, உயிர் ஊதப்படும் நாளிலா, மண்ணில் பிறந்து ஒளியைக் காணும் வேளையிலா? சமயவாணரையும் தத்துவ ஞானியரையும் காலங்காலமாகச் சிந்திக்க வைத்த வினா இது. இதனை ஒரு நாட்டு மக்கள் வாக்குச் சீட்டின் மூலம் தீர்மானிக்க முனையும்போது, மற்றொரு வினாவும் உடன் எழுகின்றது: அந்த மக்களிடம் பேசுபவர் யார்? அவருக்குப் பணம் கொடுப்பவர் யார்?

முதல் வினாவில் நம் முன்னோர் நடந்துகொண்ட முறையைக் காண்போம். இந்திரியத்துளி, இரத்தக்கட்டி, தசைப்பிண்டம் எனப் படிப்படியாக வளர்ந்து, பின்னர் வேறொரு படைப்பாக மனிதன் ஆக்கப்படுவதைத் திருமறையின் 'முஃமினூன்' அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு, 120 நாட்களுக்குப் பின்னர் ரூஹ் ஊதப்படுகின்றது என்பர் அறிஞர் பெரும்பாலோர். அதற்குப் பிறகு தக்க காரணமின்றிக் கருவை அழிப்பது ஹராம் என்பதில் அவர்களிடையே பிணக்கில்லை. அதற்கு முந்திய காலத்தைப் பற்றியே கருத்து வேறுபட்டது. ஹனஃபி அறிஞர் சிலர் தக்க காரணத்தோடு அனுமதித்தனர். மாலிக்கி மத்ஹபில் தொடக்கம் முதலே தடை என்ற கருத்தே மேலோங்கியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, கரு தரித்தபின் அதனைச் சிதைப்பது குற்றமே, படிநிலை உயர உயரக் குற்றமும் கடுமையாகும் என்றார்கள்.

இவர்கள் அனைவரும் தத்தம் பெயரைச் சொல்லி, ஆதாரத்தை முன்வைத்துப் பேசினார்கள். ஆகவே பின்வந்தோர் அவர்களை எடைபோட முடிந்தது.

இனி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திற்கு வருவோம். கருக்கலைப்பு உரிமைக்கு மாநில அரசியல் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என 2019ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பாதுகாப்பை நீக்கும் சட்டத் திருத்தம் 2022 ஆகஸ்ட் 2ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்கெடுப்புக்கு முந்திய நாள் பலருடைய கைபேசிகளுக்கு ஒரு செய்தி வந்தது. பெண்களின் தேர்வுரிமையைக் காக்க 'ஆம்' என வாக்களியுங்கள் என்பது அதன் சாரம். உண்மை இதற்கு நேர்மாறானது. 'ஆம்' என்பது அந்த உரிமையின் காப்பை நீக்குவதற்கான வாக்கு. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. இத்தகைய குறுஞ்செய்திகளில் செலவழித்தவரின் பெயரைக் குறிப்பிடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் கூறிவிட்டது.

வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் திருத்தத்தை நிராகரித்தனர். பொய் பலிக்கவில்லை என்பதால் அது பொய்யல்ல என்றாகிவிடுமா? பெயரோடு பொய் சொல்பவன் தன் மானத்தைப் பணயம் வைக்கின்றான். பெயரின்றிச் சொல்பவனுக்கோ எந்த இழப்பும் இல்லை.

மறைவு ஒரு தரப்பின் குறை மட்டுமன்று. அதே வாக்கெடுப்பில், திருத்தத்தை ஆதரித்துக் கத்தோலிக்கப் பேராயம் ஒன்று தன் பெயராலேயே 20 இலட்சம் டாலருக்கு மேல் வழங்கியது. அதன் கருத்தை ஏற்காதவரும் அதனை நோக்கிக் கேள்வி எழுப்பலாம். எதிர்த்தரப்புக்கு 10 இலட்சம் டாலருக்கு மேல் தந்த அமைப்பு ஒன்றின் பெயர் கணக்கில் இருந்தது; ஆனால் அந்த அமைப்புக்குக் கொடுத்தவர்கள் யாரென்பதைப் பொதுமக்கள் அறிய வழியில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மறைவாகச் செய்யும் தர்மத்தை இஸ்லாம் உயர்த்திப் பேசுகின்றதே! உண்மைதான். அது ஏழையின் மானத்தைக் காக்கும் மறைவு. கொடுப்பவரைப் பெருமையிலிருந்து காக்கும் மறைவு. தேர்தலுக்குக் கொட்டப்படும் பணம் ஏழையின் பசியைத் தீர்ப்பதற்கன்று. பிறருடைய தீர்ப்பைத் திருப்புவதற்கு. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர், இது உங்களுடையது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் இது அவரைத் தேடி வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதிகாரத்தை நாடிவரும் பணத்தை உரைத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த உரைகல் உண்டோ?

பெயர் வெளிப்பட்டால் எளியோர் துன்புறுத்தப்படலாம் என்பதும் பொருளுள்ள வாதமே. கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அலபாமா மாநில அரசு கேட்டபோது, 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆகவே சிறு தொகை கொடுப்போரின் பெயரை விட்டுவிடலாம். எளியோருக்கான அந்தக் கேடயத்தைச் செல்வர்கள் முகத்திரையாக்கிக் கொள்வதுதான் அநீதி. நம் நாட்டிலும், கொடுப்பவரின் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு அது முரணானது என 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது.

கருவறையில் இருப்பது பேச இயலாதது. அதற்காகப் பேசுகிறோம் என்போரும், அதைச் சுமக்கும் தாய்க்காகப் பேசுகிறோம் என்போரும் சாட்சிகளே. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குரியது என்று எச்சரிக்கின்றது திருமறை. சாட்சி சொல்ல வந்தவர் தம்மை மறைத்துக்கொள்வதும் அந்த எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டிய செயலே. உயிரைப் பற்றித் தீர்ப்புக் கேட்க வருபவர், முதலில் தம் முகத்தைக் காட்டட்டும். தம் கணக்கையும் காட்டட்டும்.